தஞ்சையின் அமுதும் சத்திரத்து மணியும்

உணவின் சுவை தேடித் தஞ்சைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்றுண்டு. மராட்டிய மன்னர் சகசியின் அடுக்களையில் ஒருநாள் கோகம் புளி இல்லாது போயிற்றாம்; நாட்டுப்புளியைக் கரைத்துப் பருப்பில் சேர்த்தனராம்; விருந்துக்கு வந்த சம்பாசியின் பெயரால் அது சாம்பார் ஆயிற்றாம். கதை சுவையானதே. ஆயின், அதற்குச் சமகாலச் சான்று எதுவும் காட்டப்பட்டதில்லை. மலைபடுகடாத்தின் காலத்திலேயே அவரையும் புளியும் ஒரே கூழில் கூடிவிட்டன என்பதையும் மறத்தலாகாது.

சான்று வேண்டுவோர் முதலில் நிற்க வேண்டிய இடம் பெரிய கோயில். 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் கல்வெட்டுகள், திருமேனிகளுக்குரிய படையலை உழக்கு, ஆழாக்கு, செவிடு என அளந்து பொறித்துள்ளன. பழவரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம் எல்லாம் கணக்கில் வருகின்றன. மிளகாய் மட்டும் இல்லை. அது போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்து வரப் பின்னும் ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. புதிய காய்க்குப் பெயரிட்ட தமிழர், பழைய மிளகை அப்பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்டனர்.

அக்கல்லில் கவிஞர்களின் கண்ணில் பட வேண்டியது இன்னொன்று உண்டு. கறி ‘கறியமுது’ ஆகிறது, நெய் ‘நெய்யமுது’, தயிர் ‘தயிரமுது’, வெற்றிலை பாக்குக்கூட ‘அடைக்காயமுது’. கணக்கன் எழுதிய பட்டியலில் இத்துணைக் கனிவு! வைணவ இல்லங்களில் சாற்றமுது, திருக்கண்ணமுது என இம்மரபு இன்றும் வழங்குகிறது.

அரண்மனைச் சமையல் வேறோர் உலகம். இரண்டாம் சரபோசியின் (1798–1832) பெயர் தாங்கிய ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்னும் மராத்திச் சுவடியைச் சரசுவதி மகால் நூலகம் காத்து அச்சிட்டுள்ளது. மரக்கறியும் புலாலும் அதில் இடம்பெறுகின்றன. ஒரு மன்னரின் நாவறிய அது உதவும். ஊரின் பசியறிய அது போதாது.

அதற்குச் சத்திரங்களை நாட வேண்டும். 1799 உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியாரிடம் சென்றபின், இராமேசுவர வழிச் சத்திரங்களேனும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது சரபோசியின் கவலையாயிற்று. அவர் 1801இல் ஆங்கிலப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம், எந்தச் சமையற்சுவடியினும் மேலான உணவு ஆவணம் எனலாம். அந்தணர் முதல் அனைவர்க்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மசாலைப் பொருள்களும், குழந்தைகளுக்குப் பால், நோயுற்றோர்க்கு மருத்துவம். தம் அறத்தைத் தாமே உரைக்கும் கடிதமாதலின் சற்று மிகையும் இருக்கலாம். சாதி அங்கு மறைந்துவிடவில்லை என்பதை அந்த அரிசியே காட்டிக்கொடுக்கிறது. எனினும் வாயில் எவர்க்கும் அடைபடவில்லை.

ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் மன்னரின் காதலுக்குரியவள் பெயரில் எழுந்தது. கல்லில் குதிரையும் சக்கரமும் பூண்டு நிற்கும் அதன் அழகைப் பலரும் புகழ்வர். அடுப்பைப் பேசுவோர் குறைவு. அக்கடிதம் அடுப்பைத்தான் பேசுகிறது: சத்திரங்களில் உணவு வழங்கல் நள்ளிரவுவரை நீளும், பின்னர் ஒரு மணி அடிக்கப்படும், இன்னும் உண்ணாதார் எவரேனும் உளரேல் வந்து சோறு பெறுக என்று உரக்கக் கூவி அழைப்பர்.