மேயர் ஜெயிலுக்குப் போய் வாங்கி வந்த பாஸ்வேர்டு

ரூட் பாஸ்வேர்டைத் தொலைத்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ தெரியாது. எனக்கு உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு லினக்ஸ் சர்வர். அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போயிட்டார், போன் பண்ணினா எடுக்கலை. கடைசியில் மெஷினை ரீபூட் பண்ணி, கிரப் திரையில் கர்னல் வரியின் முடிவில் 'சிங்கிள்' என்று சேர்த்து, உள்ளே போய் புது பாஸ்வேர்டு வைத்தேன். மொத்தம் பத்து நிமிஷம். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன் :)

அப்புறம்தான் உறைத்தது. பாஸ்வேர்டு என்பது தூரத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் பூட்டு. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ரீபூட் பண்ண முடிகிறவன்தான் வீட்டுக்காரன். சிஸ்கோ ரவுட்டரிலும் இதே கதைதான். கன்சோல் கேபிளைச் சொருகி, பவரை அணைத்துப் போட்டு, முதல் ஒரு நிமிஷத்துக்குள் பிரேக் கீயைத் தட்டி, ரிஜிஸ்டரை 2142 என்று மாற்றினால், சேமித்து வைத்த கான்பிகரேஷனைப் படிக்காமலே அது எழுந்துக்கும். பாஸ்வேர்டும் அந்தக் கான்பிகரேஷனுக்குள்தானே இருக்கு! உள்ளே போய் மாற்றிக்கலாம்.

இந்த வித்தை பலிக்காமல் ஒரு மாநகராட்சியே கையைப் பிசைந்து நின்ற கதை ஒன்று இருக்கு.

இடம் சான் பிரான்சிஸ்கோ, வருஷம் 2008. நகர நிர்வாகத்துக்கு ஃபைபர்வான் என்று ஒரு நெட்வொர்க். மின்னஞ்சல், சம்பளப் பட்டியல், போலீஸ் ஆவணங்கள் என்று நகர அரசின் போக்குவரத்தில் சுமார் 60 சதவீதம் அதன் வழியாகத்தான். அதைக் கட்டி நிர்வகித்தவர் டெர்ரி சைல்ட்ஸ் என்ற இன்ஜினியர். மனுஷனுக்கு அந்த நெட்வொர்க் மேல் அவ்வளவு பாசம். அதன் வடிவமைப்புக்குத் தன் பேரில் பதிப்புரிமை கேட்டு விண்ணப்பமே போட்டிருக்கிறார்னா பாத்துக்குங்க. பாஸ்வேர்டுகள் அவர் ஒருத்தரிடம் மட்டும். மாமியார் இடுப்பில் கொத்துச் சாவி மாதிரி.

ஜூலை 9 அன்று அவரைக் கூப்பிட்டு, உங்களை வேறு வேலைக்கு மாற்றுகிறோம், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றார்கள். அறையில் போலீஸும் இருந்தது, ஸ்பீக்கர் போனில் வேறு சிலரும் இருந்தார்கள். அவர் கொடுத்த பாஸ்வேர்டுகள் எதுவும் வேலை செய்யலை. சில நாளில் கைது. ஜாமீன் தொகை 50 லட்சம் டாலர்!

சரி, ஆள் உள்ளே. ரவுட்டர்கள் நகரத்தின் கையில். ரீபூட் பண்ணி உள்ளே போக வேண்டியதுதானே? அங்கேதான் இடித்தது. சைல்ட்ஸ், பாஸ்வேர்டு மீட்பு வசதியையே நிறுத்தி வைத்திருந்தார். அப்படி நிறுத்திவிட்டால், பிரேக் கீ தட்டியும் கான்பிகரேஷனை அழித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். போதாக்குறைக்கு, முக்கியமான கருவிகளில் கான்பிகரேஷனை நிரந்தர நினைவகத்தில் வைக்கவே இல்லை. பவரை அணைத்தால் எல்லாம் மறந்து போகும். எந்த ரீபூட் நம்மை வழக்கமாகக் காப்பாற்றுமோ, அதையே கண்ணிவெடியாக்கி வைத்திருந்தார் மனுஷன்.

இத்தனைக்கும் நெட்வொர்க் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஜம்மென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாராலும் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் எந்த மென்பொருளும் கைகொடுக்கலை. ஜூலை 21 அன்று மேயர் கேவின் நியூசம் நேரில் ஜெயிலுக்குப் போனார். அவரிடம் மட்டும்தான் தருவேன் என்ற சைல்ட்ஸ், அவரிடம் கொடுத்தார். ஆக மொத்தம் 12 நாள்.

கண்டவர்கள் கேட்கும் ஸ்பீக்கர் போனில் பாஸ்வேர்டு சொல்வது பாதுகாப்பு விதிக்கே விரோதம் என்பது சைல்ட்ஸ் தரப்பு வாதம். நமக்கே பாதி நியாயம் போலத் தோணும். ஆனால் நடுவர் குழுவில் சிசிஐஇ முடித்த ஒரு நெட்வொர்க் இன்ஜினியரே இருந்தார். அவரும் சேர்ந்துதான் 2010 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னார்கள். ஆகஸ்டில் நாலு வருஷம் சிறை. 2011-ல் கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர் நஷ்டஈடு கட்டச் சொல்லி உத்தரவு.

எனக்கு என்னவோ ரெண்டு பக்கமும் தப்பு இருக்கிற மாதிரிதான் படுது. பூட்டியவர் தப்பு ஒரு பக்கம். ஒரு ஊரின் மொத்தச் சாவியையும் வருஷக்கணக்கில் ஒரே ஆளிடம் விட்டுவிட்டு, அவரை மாற்றுகிற அன்றைக்குத்தான் இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டவர்கள் தப்பு இன்னொரு பக்கம். அவர் கோபித்துக்கொண்டதால் மேயர் போய்ப் பேச முடிந்தது. ரோட்டில் வண்டி மோதிச் செத்துப் போயிருந்தால்? யார் போய் யாரிடம் கேட்பது?

அன்றைக்கு என் சர்வர் பத்து நிமிஷத்தில் திறந்தது என் சாமர்த்தியம் இல்லை. முன்னாடி இருந்தவர் அந்தக் கதவைச் சாத்தாமல் போனார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிற மெஷின்களின் பாஸ்வேர்டை எழுதி, கவரில் ஒட்டி, மேலாளர் பீரோவில் வைத்துவிடுகிறேன். அவர் இதுவரை பிரிக்கவே இல்லை. பிரிக்காமலே இருக்கட்டும். ஆனால் இருக்கட்டும்.