கஞ்சியா குளுக்கோஸா? குடல் போடுற கணக்கு

எங்க கூடலூர்ல யாருக்காவது வயித்தால போச்சுன்னா, அம்மாச்சி முதல்ல அடுப்புல ஏத்துறது உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிதான். "குளுக்கோஸ் பொடி இருக்கே, இது எதுக்கு?"ன்னு காலேஜ் படிக்கிறப்ப கேட்டிருக்கேன். உடைச்சு வச்ச சத்துதானே உடம்புல சட்டுனு சேரும்? அந்த லாஜிக்ல ஒரு பக் இருந்துச்சு.

1960-ல ராபர்ட் கிரேன் ஒரு விஷயத்தை முன்வைத்தார்: குளுக்கோஸ் சோடியத்தோட ஜோடி சேர்ந்துதான் குடல் சுவரைத் தாண்டுது. தண்ணியும் பின்னாலயே போகும். 1971-ல, வங்கதேச அகதிகள் தங்கிய பங்காவ்ன்ற ஊர்ல காலரா. சலைன் தட்டுப்பாடு. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுத்தார். 30% வரை இருந்த இறப்பு 3.6% ஆகக் குறைந்தது.

ஆனா அந்தக் கரைசல் உயிரைக் காப்பாத்துமே தவிர, பேதியைக் குறைக்காது. குளுக்கோஸைக் கூட்டலாமா? கூடாது. சின்னச் சின்ன மூலக்கூறுகள் நிறைய சேர்ந்தா, தண்ணியைக் குடலுக்குள்ளேயே இழுத்துடும். மாவுச்சத்துல அந்தத் தொல்லை குறைவு. ஏகப்பட்ட குளுக்கோஸைக் கோத்த நீளச் சங்கிலி அது.

இதை வேலூர் சிஎம்சி சோதிச்சுப் பார்த்தது. பி.எஸ்.ராமகிருஷ்ணா குழு 2000-ல வெளியிட்ட ஆய்வில் 48 காலரா நோயாளிகள், மூன்று பிரிவுகள். ஒண்ணுக்கு வழக்கமான கரைசல். அடுத்ததுக்கு அதோட லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூணாவதுக்கு அதே 50 கிராம், ஆனா சிறுகுடல்ல எளிதில் செரிக்காத சோள மாவுச்சத்து. மூணாவது பிரிவுக்குத்தான் பேதி சீக்கிரம் நின்னது. காரணம், அந்த மாவு பெருங்குடல் வரைக்கும் போகும். அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வச்சு கொழுப்பு அமிலங்களாக்கும். அது சோடியத்தையும் தண்ணியையும் உறிஞ்ச உதவும்.

ஆஸ்பத்திரியில குழாய் வழியா கொடுக்கிற திரவ உணவுலயும் இதே கேள்விதான். கிரோன் நோய்க்கு, அமினோ அமிலமா உடைச்ச உணவையும் முழுப் புரத உணவையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்ப, பலன்ல பெரிய வித்தியாசம் தெரியல.

அப்போ அம்மாச்சி ஜெயிச்சாச்சா? பாதிதான். கஞ்சியில உப்பு கைக்கணக்கு. ஓஆர்எஸ்ல லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அந்த அளவுதான் உயிர். அதனால முதல்ல பாக்கெட்டைக் கரைங்க. கஞ்சி கூடவே வரட்டும்.