சிந்திய கதிரும் சிதறிய அலையும்

அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கிக் கூழ் காய்ச்சிய ஏழைக் குடும்பங்கள் தமிழர் வாழ்வில் உண்டு. அவ்வழியே களஞ்சியம் நிறையாது. ஒருவேளைப் பசி ஆறும். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் அலைகள் இன்று நகரெங்கும் பரவியுள்ளன. அவற்றுள் உரிய கருவியைச் சென்றடைவது மிகச் சிறு பங்கே. எஞ்சியது சுவரிலும் மரத்திலும் மண்ணிலும் பட்டு வீணாகிறது. இவ்வாறு சிதறும் ஆற்றலைப் பொறுக்கி மின்சாரமாக்கும் முயற்சியின் வரலாறு, ஒருவகையில் சிக்கனத்தின் வரலாறாகும்.

1880களின் பிற்பகுதியில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில், ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் உண்டென்பதை மெய்ப்பித்தார். அலையை வாங்க அவர் அமைத்தது, சிறு இடைவெளியுடைய ஒரு கம்பி வளையமே. அதனுடன் மின்கலம் எதுவும் இணைக்கப்படவில்லை. ஆயினும் இடைவெளியில் பொறி தோன்றிற்று. அதனை எழுப்பிய ஆற்றல் அலையோடு வந்ததாகும்.

ஆனால், அலை தரும் மின்னோட்டம் நொடிதோறும் எண்ணற்ற முறை திசை மாறுவது. அதனை ஒரே திசையில் ஓடச் செய்தாலன்றிப் பயன்கொள்ள இயலாது. கலீனா என்னும் ஈயத் தாது, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாகச் செல்லவிடும் இயல்புடையது. அத்தாதுவைக் கொண்டு அலையை உணரும் கருவிக்கு, வங்காள அறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்னர்ப் பரவிய படிக வானொலிகளில் நீண்ட கம்பியும், கம்பிச்சுருளும், ஒரு தாதுத் துண்டும், காதொலிப்பானுமே முதன்மை உறுப்புகள். மின்கலமின்றியே பாட்டும் பேச்சும் கேட்டன. கேட்பவர் ஒருவர் செவிக்கு அலையின் ஆற்றலே போதுமானதாயிற்று.

சிறிதில் நிறைவு காணாதோரும் இருந்தனர். நிக்கோலா டெஸ்லா, கம்பியின்றித் தொலைதூரத்துக்கு மின்னாற்றலை அனுப்பும் கனவுடன், 1901இல் நியூயார்க்கின் லாங் தீவில் வார்டன்கிளிஃப் கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார். பொருளுதவி வற்றியது, 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது. அக்கனவின் ஒரு பகுதியை வில்லியம் பிரவுன் நனவாக்கினார். 1964இல் நுண்ணலைக் கற்றை ஒன்றைக் கீழிருந்து செலுத்தி, சிறு ஹெலிகாப்டர் ஒன்றைச் சுமார் 18 மீட்டர் உயரத்தில் 10 மணி நேரம் நிறுத்திக் காட்டினார். அலையை வாங்கி அங்கேயே நேர்மின்னாக மாற்றும் அவ்வமைப்பு 'ரெக்டென்னா' எனப் பெயர் பெற்றது. எனினும் அது அதற்கெனவே பாய்ச்சிய வாய்க்கால் நீர், சிதறிய துளியன்று.

துளியைச் சேர்ப்பதற்குச் செலவும் துளியளவே இருத்தல் வேண்டும். இங்கேதான் அச்சுத்தொழில் துணைக்கு வந்தது. பலகைமேல் செப்புத் தகட்டை அரித்துத் தட்டையான அலைவாங்கிகள் செய்யும் முறை 1970களில் நடைமுறைக்கு வந்தது. பின்னர், வெள்ளி நுண்துகள் கலந்த மையைக் கொண்டு அச்சுப்பொறியாலேயே தாளின்மேல் அலைவாங்கி வரையலாயினர். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் இத்துறையில் முன்னின்றனர். அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தொலைக்காட்சி நிலையத்தின் அலையைக் கொண்டு வெப்பநிலை உணரி ஒன்றை இயக்கியதாக, 2011இல் அவர்கள் அறிவித்தனர்.

கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு? 2009இல் வெளியான சியாட்டில் ஆய்வொன்றில், தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து 4.1 கிலோமீட்டர் தொலைவில் 60 மைக்ரோவாட் பெறப்பட்டது. மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 5 வாட்டில் மின்னூட்டும் கைப்பேசிக்கு அத்தகைய அமைப்புகள் 80,000க்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு, அலை மெலிய மெலிய அதனை நேர்மின்னாக்கும் டயோடின் திறனும் குன்றும். காற்றிலிருந்தே கைப்பேசிக்கு மின்னூட்டலாம் என்னும் விளம்பரங்களை இக்கணக்கு ஒன்றே எடைபோட்டுக் காட்டும்.

எனவே அறிஞர் வரவைப் பெருக்குவதோடு நில்லாமல், செலவைக் குறைக்கவும் முற்பட்டனர். 2013இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், தாமே அலை எழுப்பாமல், வெளியில் உலவும் தொலைக்காட்சி அலையைத் திருப்பியும் விழுங்கியும் செய்தி பரிமாறிக்கொள்ளும் கருவிகளைச் செய்து காட்டினர். மின்கலம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

பாலத்தின் விரிசலையும் கிடங்கின் வெப்பத்தையும் கண்காணிக்கும் உணரிகள் பெருகிவரும் காலம் இது. ஒவ்வொன்றிலும் ஒரு மின்கலம் இருப்பின், அவற்றை மாற்றும் உழைப்பும், தீர்ந்தவை மண்ணில் சேர்க்கும் நஞ்சும் சிறிதல்ல. அச்சுமையைக் குறைக்கத் தாளில் அச்சிட்ட அலைவாங்கியால் இயலுமாயின், அதுவே பெரும் பயன். ஹெர்ட்ஸின் வளையத்தில் மின்னிய பொறி ஊருக்கு விளக்கேற்றாது. ஆயினும் பசியைச் சுருக்கிக்கொண்ட கருவிக்குப் பொறுக்கிய கதிரே போதும்.