ஏலமலை சொல்லும் இயற்கைத் தேர்வு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டை அவிழ்ந்தால் சல்லடை அசையத் தொடங்கும். பருத்த காய் மேலே தங்கும். சிறுத்த காய் கீழே நழுவும். காய் பருத்ததும் சிறுத்ததும் சல்லடையின் செயலன்று. அது பிரிக்கிறது, படைக்கவில்லை. பிரிப்பது ஒன்றையே தொழிலாகக் கொண்ட ஒரு முறையினால் உலகில் புதிய உயிரினம் தோன்றிட முடியுமா? முடியும் என்று நிலைநாட்டியது 19-ஆம் நூற்றாண்டு. ஏட்டைப் புரட்டியோ, ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தோ அல்ல. புறாவை அளந்து, எலும்பை எண்ணி, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு!

அந்த வரலாற்றிலே நம் நாட்டுக்கும் பங்குண்டு, தோழர்களே!

கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்னுமிடத்தில் ஒரு கல்லூரி நடத்திற்று. அங்கே பேராசிரியராக இருந்தவர் தாமஸ் மால்தஸ். பிறப்போர் தொகை பெருகும் வேகத்துக்கு உணவு பெருகுவதில்லை என்று 1798-இல் எழுதியவர். அக்கல்லூரியில் பயின்று சென்னை மாகாணத்துக்கு வந்த அதிகாரிகளுள் ஒருவர் வால்டர் எலியட். மால்தசின் நூலை 1838-இல் படித்தார் சார்லஸ் டார்வின். பிறப்பன பல, பிழைப்பன சில. பிழைப்பவை எவை, ஏன் என்ற கேள்வி அவர் உள்ளத்தில் கனன்றது.

விடை தேடிய டார்வின் புறா வளர்ப்போரின் சங்கங்களில் சேர்ந்தார். உலகெங்கும் கடிதம் எழுதிப் புறாத் தோல்களைக் கேட்டார். சென்னையிலிருந்து அவற்றை அனுப்பியவர் எலியட். அந்த உதவியை டார்வின் தம் பெருநூலின் முதல் அதிகாரத்திலேயே பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். விசிறிபோல் வால் விரிப்பது ஒன்று, மார்பை ஊதிப் பெருக்குவது மற்றொன்று, குட்டிக்கரணம் போடுவது வேறொன்று. தோற்றத்தில் இத்தனை வேற்றுமை! ஆயினும் அத்தனையும் நம் கோயிற் கோபுரங்களில் குடியிருக்கும் மாடப்புறாவின் வழித்தோன்றல்களே என்று அவர் முடிவு கண்டார். மனிதன் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் விளைந்த விந்தை அது. சில நூறு தலைமுறையில் மனிதன் இதைச் செய்ய முடியுமானால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் இயற்கை எதைத்தான் செய்யாது?

கல்கத்தாவில் ஏசியாட்டிக் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் காத்துவந்த எட்வர்ட் பிளைத், இந்திய விலங்குகள் பற்றிய செய்திகளைக் கடிதம் கடிதமாக டார்வினுக்கு எழுதினார். கிழக்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்த ஆல்பிரட் ரசல் வாலசும், மால்தசை நினைந்து, அதே கருத்தைத் தாமாகவே கண்டார். 1858 ஜூலை 1-ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒருங்கே படிக்கப்பட்டன. 1859 நவம்பர் 24-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது.

அத்துடன் வெற்றி முரசு கொட்டிவிடவில்லை. நல்ல மாறுதல் ஒன்று தோன்றினாலும், பாலில் கலந்த நீர்போல அடுத்தடுத்த கலப்பில் அது கரைந்து போகாதா என்று 1867-இல் பிளீமிங் ஜென்கின் என்ற பொறியியலாளர் கேட்டார். கூர்மையான கேள்வி! தக்க விடை டார்வினிடம் இல்லை. ஆனால், பட்டாணிச் செடிகளை எண்ணிப் பார்த்த மெண்டல் 1866-லேயே விடையை அச்சிட்டிருந்தார். பண்புகள் கரைவதில்லை, தனித்தனிக் கூறுகளாகத் தலைமுறை தாண்டுகின்றன என்பதே அது. உலகம் அதைக் கண்டுகொண்டது 1900-இல். பிஷர், ரைட், ஹால்டேன் மூவரும் மெண்டலையும் டார்வினையும் கணிதத்தால் இணைத்தனர். அவர்களில் ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். எதிர்ப்பைக் கண்டு அஞ்சாமல், கேட்ட கேள்விக்கு விடை தேடித் தேடியே இக்கொள்கை வலுப்பெற்றது. இதுவன்றோ அறிவியலின் அழகு!

இனி நம் மலைகளைப் பாருங்கள். பழனிமலையிலும் மூணாற்று உயர்மலையிலும் சிரிப்பான் என்னும் பறவை வாழ்கிறது. குளிர்ந்த மலையுச்சி அதன் வீடு. வெப்பச் சமவெளி அதற்கு வேலி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் உறவினம் வேறு. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே வாழ்வது வேறு. கணவாய் பிரித்தது, காலம் வேற்றுமையை வளர்த்தது. இப்பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள், மேற்கு மலைத் தொடருக்கே உரிய தனிப் பேரினம் இது, இதில் நான்கு இனங்கள் உண்டு என்று 2017-இல் அறிவித்தனர். வடக்கே வாழும் ஓரினத்துக்குச் சென்னைப் படை மருத்துவர் ஜெர்டனின் பெயரை 1851-இல் சூட்டியவர், டார்வினுக்குக் கடிதம் எழுதிய அதே பிளைத்தான்!

போடிமெட்டு ஏறினால் ஏலத் தோட்டம். மலபார் வகையின் சரம் தரையில் படரும். மைசூர் வகையின் சரம் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை வகையின் சரம் இடைப்பட்டது. இந்த வேற்றுமையே தேர்வுக்கு முதல். இடுக்கி விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் கூர்ந்து பார்த்துப் பொறுக்கியெடுத்த ‘ஞள்ளானி’ வகை மலையெங்கும் பரவிற்று. விளைச்சல் பெருகிற்று, மகிழ்ச்சி. ஆனால் பக்கக் கன்று பிரித்து நடும்போது, ஒரே செடியின் மறு பதிப்புகளே மலையை நிரப்புகின்றன. அச்செடியை வீழ்த்தவல்ல நோய் வந்தால் அத்தனையும் வீழும். தப்பிப் பிழைக்க வேற்றுமை வேண்டும். அசுவினி பரப்பும் கட்டே நோய் தாக்கிய தோட்டங்களில், தாக்குண்டு சாகாமல் நின்ற செடிகளைத் தேடியெடுத்துத்தான் ‘விஜேதா’ என்ற நோய் தாங்கும் வகையை ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். ஒரே பூச்சிமருந்தை ஓயாது தெளித்தால், அதைத் தாங்கும் பூச்சிகளே மிஞ்சிப் பெருகும். இயற்கைத் தேர்வு ஏட்டுச் சுரைக்காயன்று. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குச் செல்லும் தொழிலாளியின் கூலியோடு பிணைந்த உண்மை.

அத்தகைய பாடத்தைத்தான், 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து நீக்கிற்று. நாடெங்கும் அறிவியலாளர் கண்டனம் எழுப்பினர். பத்தோடு உயிரியலைவிட்டு விலகும் மாணவன் பரிணாமத்தை எங்கே படிப்பான்?

வேறொரு புரட்டும் உண்டு. “தகுந்தது தப்பிப் பிழைக்கும், ஆகவே உயர்ந்தோர் உயர்ந்தோரே, தாழ்ந்தோர் தாழ்ந்தோரே” என்று டார்வினைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அச்சொற்றொடர் 1864-இல் ஸ்பென்சர் ஆக்கியது. தகுதி என்பது குறிப்பிட்ட சூழலில் பிழைத்து வழித்தோன்றல் விடும் திறமே. உயர்வுக்கு அளித்த பட்டயம் அன்று. மலையுச்சியில் தகுந்த சிரிப்பான் சமவெளியில் தகாதது. பிறப்பினால் நிலைத்த மேன்மை என்று எதையும் இயற்கை எழுதி வைக்கவில்லை. மாறாத இனமே இல்லை என்பதல்லவா அதன் முதற்பாடம்!

கட்டளையால் வந்தது என்றனர். காலத்தால் வந்தது என்று காட்டினர் அறிஞர். என்றும் இப்படியே என்றனர். என்றும் மாறுகிறது என்று காட்டிற்று ஆராய்ச்சி. இளைஞர்களே, பாடநூலில் பக்கம் கிழிக்கப்படலாம். ஏலமலையின் பக்கத்தைக் கிழிக்க எவராலும் ஆகாது. ஏறிச் சென்று படியுங்கள். படித்ததைத் தம்பி தங்கையர்க்குச் சொல்லுங்கள்!