திரையில் கண்ட போரும் களத்தில் கண்ட போரும்

சனிக்கிழமை மாலை வாரக்கூலி கைக்கு வந்ததும், திருப்பூர்ப் பனியன் தொழிலாளருள் இளையோர் பலர் மறுநாள் பார்க்கவேண்டிய திரைப்படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர். ஆறு நாளும் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே உழைத்தவர்க்கு அம்மூன்று மணி நேரம் ஓர் இளைப்பாறல். அதை நாம் குறை கூறோம். ஆனால் அந்நேரத்திற்குள் நாயகன் நூறு பேரைச் சுட்டு வீழ்த்திவிடுகிறான். அவனுக்கோ தோளில் ஒரு சிறு கீறல்! இத்தகைய காட்சிகளை நெஞ்சில் சுமந்துகொண்டு மெய்யான போருக்குச் சென்ற இளைஞர்கள் அங்கே கண்டது என்ன? வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் திரையில் வீரத்தின் உருவாக விளங்கியவர் ஜான் வேய்ன். அவர் படையில் சேர்ந்ததே இல்லை. 1945இல் ஒக்கினாவாப் போரில் காயமுற்றுக் ஹவாய்த் தீவின் மருத்துவமனையில் கிடந்த வீரர்களிடையே அவர் மாட்டிடையன் வேடத்தில் வந்து நின்றபோது, அவர்கள் ஏளனக் கூச்சலிட்டு அவரைத் திருப்பி அனுப்பினராம். அவ்வாறு காயமுற்றவருள் ஒருவரான எழுத்தாளர் வில்லியம் மான்செஸ்டர் இதைப் பதிவு செய்துள்ளார். களத்தைக் கண்டவர்க்குத் திரை கசந்துவிட்டது.

எனினும் அடுத்த தலைமுறை அக்கசப்பை அறியவில்லை. 1990இல் குவைத் சிக்கல் எழுந்தபோது, அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் வியட்நாம் போர்ப் படங்களை வாடகைக்கு எடுத்து நாள்கணக்கில் பார்த்துத் தங்களை உசுப்பேற்றிக்கொண்டனர் என்கிறார் அந்தனி ஸ்வோஃபர்டு. அவர் 2003இல் வெளியிட்ட ‘ஜார்ஹெட்’ என்னும் நினைவு நூலில் ஒரு கருத்து நம்மைத் திடுக்கிட வைக்கிறது: போரைக் கண்டிக்க எடுத்த படமும் படைவீரன் கண்ணுக்குப் போரின் புகழ்ச்சியாகவே தெரிகிறதாம். குறிபார்த்துச் சுடுவதில் தனிப்பயிற்சி பெற்ற அவரோ, பகைவன் ஒருவனையும் சுடாமலே ஊர் திரும்பினார். அவர் களத்தில் கண்டவை பாலைவன வெயில், காத்திருப்பு, வானிலிருந்து விழுந்த குண்டுகளுக்கு இரையானோரின் கரிந்த உடல்கள்.

நம் மொழி பேசும் மண்ணிலும் இது நிகழ்ந்தது. 1983 சூலைக் கலவரத்திற்குப் பின் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழ் இளைஞர்கள் இயக்கங்களில் சேர்ந்தனர். நம் கொங்கு நாட்டின் மேட்டூரை அடுத்த கொளத்தூரிலும் அவர்களுக்குப் பயிற்சி முகாம் இருந்தது. பின்னாளில் புலிகளின் ‘நிதர்சனம்’ பிரிவு தாக்குதல்களைக் களத்திலேயே படம்பிடித்து, ‘ஒளிவீச்சு’ என்னும் ஒளிநாடா இதழாக மக்களிடையே பரப்பியது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், சிறார் போராளிகளைப் பற்றி 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், பள்ளிகளில் காட்டப்பட்ட ஒளிப்படங்களும் வீரப் பாடல்களும் மாவீரர் சுவரொட்டிகளும் பிள்ளைகளை ஈர்த்தன என்று குறிப்பிடுகிறார். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. பெற்றோரை இழந்த துயரமும், இடப்பெயர்வும், பசியும், படையினரின் கொடுமையும் அவர்களைப் பின்னிருந்து தள்ளின என்பதையும் அவரே எடுத்துரைக்கிறார். திரை தனித்துக் கொலைசெய்வதில்லை. காயப்பட்ட நெஞ்சுக்கு அது வழிகாட்டுகிறது, அவ்வளவே.

வழி சென்று சேர்ந்த இடம் எது? எறிகணை எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. நிலக்கண்ணி காலடியில் இருப்பது தெரியாது. எதிரே நின்று வசனம் பேசும் பகைவன் அங்கில்லை. காட்சி மாறியதும் காயம் ஆறுவதுமில்லை. மீண்டு வந்த சிறாரிடம் உறக்கமின்மையையும் கொடுங்கனவுகளையும் மனச்சோர்வையும் மருத்துவர்கள் கண்டனர்.

சிங்களத் திரையிலிருந்து எழுந்த ஒரு குரலையும் இங்கே நினைவுகூர்வோம். பிரசன்ன விதானகே 1997இல் உருவாக்கிய ‘புரஹந்த களுவர’ என்னும் படத்தில் போர்க்காட்சி இல்லை. படைவீரனாகிய மகனின் உடல், முத்திரையிட்ட பெட்டியில் வந்து சேர்கிறது. பார்வையற்ற தந்தை மகன் இறந்ததை நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். இறுதியில் புதைத்த பெட்டியையே தோண்டி எடுக்கிறார். துப்பாக்கிகள் முழங்கும் படங்கள் தடையின்றி ஓடும் உலகில், 2000ஆம் ஆண்டில் அரசு இப்படத்தைத் தடுத்தது! அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது திரைக்கு வந்தது. அரசுகள் அஞ்சுவது குண்டுச் சத்தத்திற்கன்று, ஒரு தந்தையின் கேள்விக்கே என்பது இதனால் விளங்கவில்லையா?

இன்று திரை, கைப்பேசியாய் நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. சுடும் விளையாட்டான பப்ஜியை 2020இல் நடுவண் அரசு தடைசெய்தது. ஓராண்டுக்குள் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. எனவே தடை மட்டும் போதாது. தங்கும் விடுதியில் அறைத்தோழரோடும், வீட்டில் பிள்ளைகளோடும் உட்கார்ந்து நாமும் பார்ப்போம். படம் முடிந்ததும் ஒரு கேள்வியை மெல்லக் கேட்போம்: ‘நாயகன் வீழ்த்திய அந்த நூறு பேருள் ஒருவனுக்கேனும், வாசலில் காத்திருக்கும் தந்தை இருந்திருக்கமாட்டாரா?’