பொழுது திரும்பும் மாதம்

மலர்க் குழுவினர் ஆவணியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "மாமா, இந்த வருஷம் மார்கழியைப் பத்தி நீங்கதான் எழுதணும், ரெண்டு பக்கம் போதும்" என்று கட்டளையும் கணக்குமாகச் சொன்னார்கள். மறுக்க முடியாத கட்டளை. ஆனால் கோபாலபுரத்துக்காரர்களுக்கு மார்கழியைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். வேணுகோபாலன் சந்நிதித் திருப்பாவை, பூசணிப்பூக் கோலம், கூடாரவல்லி அக்காரவடிசில் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த மாதம் வானத்தில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

கதிரவன் தென்கோடியைத் தொட்டு வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் 21 அல்லது 22. நம் கணக்கில் மார்கழி 6 அல்லது 7. உத்தராயணம் பிறந்ததென்று நாம் கொண்டாடுவதோ தை முதல் நாளில், அதாவது ஏறக்குறைய 24 நாள் கழித்து. இதைச் சொன்னால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. சாஸ்திரம் பொய்யா என்பார்கள். பொய்யில்லை. வானம் மெல்ல நகர்கிறது, நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அயனம் திரும்பும் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. இந்த விலகலை அளக்கும் லாகிரி அயனாம்சப்படி கி.பி. 285 அளவில் அயனத் திருப்பமும் தை முதல் நாளும் ஒன்றாக இருந்தன.

ஆங்கிலத் தேதியோடு ஒப்பிட்டாலும் இது புரியும். சுவாமி விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று. அந்த நாள் 1863 ஜனவரி 12. இன்று சங்கராந்தி 14, 15 என்று வருகிறது.

இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வேதாங்க ஜோதிடம் அவிட்டத்தின் தொடக்கத்தில் உத்தராயணம் வைத்தது. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையின் மூன்றாம் அத்தியாயத்தில், பழைய நூல்கள் அப்படிச் சொன்னாலும் இப்போது மகரத் தொடக்கத்தில்தான் திரும்புகிறது என்று தயங்காமல் எழுதினார். அதோடு நிற்கவில்லை. சந்தேகமிருந்தால் கதிரவன் உதிக்கும் இடத்தைத் தொலைவில் உள்ள ஓர் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார், அல்லது பெரிய வட்டம் போட்டு நிழல் நுழைவதையும் வெளியேறுவதையும் குறித்துக்கொள் என்று வழியும் சொன்னார். சுலோகத்துக்குள் ஓர் ஆய்வுக்கூடம்! எனக்குப் பெருமையாக இருக்கிறது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு செய்ததும் அதே வேலைதான். 1957 மார்ச் 22 முதல் நடப்பில் உள்ள தேசிய நாட்காட்டியில் பௌஷ மாதம் டிசம்பர் 22 அன்று பிறக்கிறது. அதை யார் வீட்டுச் சுவரில் பார்க்கிறோம் என்று கேட்காதீர்கள்.

நமக்கு ஓராண்டு, தேவர்க்கு ஒரு நாள் என்பது மரபு. அப்படியானால் ஒரு மாதம் அவர்களுக்கு இரண்டு மணி நேரம். தை முதல் தேதி காலை ஆறு மணி என்று வைத்தால் மார்கழி நாலு முதல் ஆறு, பிரம்ம முகூர்த்தம். வானத்தின் கணக்கைப் பார்த்தால் தேவர்கள் இப்போது நாலரை மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறார்கள். நம் பஜனை கோஷ்டி கிளம்பும் நேரத்தை நினைத்துக்கொண்டேன், வேறொன்றும் சொல்லவில்லை.

கோதையும் ஒரு துறவியும்

கோதை நாச்சியார் காலத்துக்கு வருகிறேன். வெள்ளி உதித்ததையும் வியாழன் மறைந்ததையும் சொல்லும் திருப்பாவை 13ஆம் பாசுரத்தையும், முதல் பாசுரத்தின் நிறைமதியையும் வைத்துத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஒரு நாளைக் குறித்தார்: கி.பி. 731 டிசம்பர் 18. வேறு ஆண்டு சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் போகவில்லை. ஐயங்கார் குறித்த தேதி பழைய ஜூலியன் கணக்கில் உள்ளது. இன்றைய கணக்குக்கு மாற்ற நாலு நாள் கூட்ட வேண்டும். டிசம்பர் 22! பொழுது திரும்பும் நாளை ஒட்டிய பௌர்ணமி. அந்த நூற்றாண்டில் அயனத் திருப்பம் மார்கழியின் கடைசி வாரத்தில் வந்தது. அப்படியானால் நோன்பு முடியும் தறுவாயில் கதிரவன் திரும்பியிருக்கிறான். இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே காலத்தில், 725இல், இங்கிலாந்தின் வடகிழக்கே ஜாரோ மடத்தில் பீட் என்ற கிறித்தவத் துறவி காலக் கணக்கைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். தம் முன்னோர் டிசம்பர், ஜனவரி இரண்டையும் 'கியூலி' என்றே அழைத்தார்கள் என்கிறார். காரணமும் சொல்கிறார்: கதிரவன் திரும்பிப் பகல் வளரத் தொடங்கும் நாளுக்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம். மார்கழியும் தையும் போலத்தான்! அந்தச் சொல்லின் வழி வந்ததே யூல் என்ற குளிர்கால விழாவின் பெயர். பழைய ஆங்கிலேயர் டிசம்பர் 25 இரவை 'தாய்மாரின் இரவு' என்று கொண்டாடியதையும் அவர் குறிக்கிறார். பரிபாடல் 11இல் கன்னியர் தாயர் அருகே நின்று ஆடும் நீராட்டுக்கு அம்பா ஆடல் என்று பெயர். அம்பா என்றால் தாய். இதைக் கண்டதும் மனம் துள்ளுகிறது. ஆனால் பெயர் ஒத்துப்போனதும் சம்பந்தம் பேசக் கிளம்பும் பழக்கம் நம்மவரிடம் அதிகம். நான் அதைச் செய்யமாட்டேன்.

யூல் இன்று உயிரோடிருக்கிறது. நவீன பேகன்கள் எனப்படுவோர், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாட்டை மீட்க முனைபவர்கள், நீண்ட இரவில் விழித்திருந்து விளக்கேற்றி, பெரிய மரக்கட்டையை எரித்து, விடியலை எதிர்கொள்கிறார்கள். ஆண்டுக்கு எட்டு விழா என்ற அவர்களுடைய சக்கரம் 1950களில் பிரிட்டனில் உருவானது. ஐஸ்லாந்தில் அத்தகைய சங்கம் ஒன்று 1972இல் தோன்றி அடுத்த ஆண்டே அரசு ஏற்பைப் பெற்றது. அறுந்த நூலைத் தேடித் தேடி முடிகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நமக்கு நூல் அறவில்லை, அதனாலேயே அதன் அருமை தெரியவில்லை.

ஒரு வேறுபாடு மட்டும். பொழுது திரும்பும் நாளில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே கதிரவன் திரும்புவது உயிர்ப் பிரச்சினை. சென்னையில் பகல் 11 மணி 20 நிமிடம் இருக்கும். இருட்டைக் கண்டு நடுங்க ஒன்றுமில்லை. இன்னும் வேடிக்கை, பகல் வளரத் தொடங்கிய பிறகும் ஜனவரி மூன்றாம் வாரம் வரை இங்கே கதிரவன் நாளுக்கு நாள் தாமதித்தே எழுவான். ஆகவே நம் முன்னோர் பயந்து இந்த நாளைக் கண்டுபிடிக்கவில்லை, பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வராகமிகிரர் சொன்ன வழியை நம் மொட்டை மாடியிலேயே செய்யலாம். சந்நிதியில் பொங்கல் வாங்கிக்கொண்டு ஆறேகாலுக்குள் மாடி ஏறுங்கள். டிசம்பர் 22 அன்று கதிரவன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே எழுவான். கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. நின்ற இடத்திலும் ஒரு கோடு, இல்லாவிட்டால் மறுநாள் கணக்கு தப்பும். ஒரு வாரம் போல அங்கேயே நிற்பதாகத் தோன்றும். கூடாரவல்லிக்குள் கோட்டிலிருந்து வடக்கே நகர்ந்திருப்பான். எங்கள் மாடியில் கிழக்கே புது அடுக்குமாடி எழும்பி மறைத்துவிட்டது. கோடு தெரிகிற மாடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சுண்ணாம்பு நான் கொண்டுவருகிறேன்.