ஆம்பளைன்னா அரிசி, பொம்பளைன்னா நடத்தை

நம்மாளுங்க யாரையும் ஜெயிக்க வைக்க ஓட்டுப் போடுறதில்லை, ஒருத்தரைத் தோக்கடிக்கத்தான் போடுறாங்கன்னு டீக்கடையில அடிக்கடி சொல்லுவாங்க. பாதி உண்மைதான். ஆனா அந்தக் கோபம் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி வேலை செய்யுது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் பழைய கதையில இருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கோங்க :-)

எங்க ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரல்ல சென்னை மாகாணத்துக்கே முதல்வர் ஆனவர். தன் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்த மனுஷன். அப்பேர்ப்பட்டவர் 1952 பொதுத்தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், தன் சொந்த மண்ணுலயே தோத்துப் போனார். அவரோட மந்திரிகள் பல பேரும் தோத்தாங்க. 375 இடத்துல காங்கிரசுக்குக் கிடைச்சது 152தான்.

காரணம் என்ன? அரிசிப் பஞ்சம், ரேஷன், உணவுக் கட்டுப்பாடு. வயிறு காஞ்ச ஜனங்க ஆட்சியில இருந்தவரைத் தண்டிச்சாங்க. வேடிக்கை என்னன்னா, அதே தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில காங்கிரஸ்காரரான காமராஜர் ஜெயிச்சார்!

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ராஜா தோத்ததும் 'இந்த ஆம்பளைங்களுக்கே நிர்வாகம் வராதுப்பா'ன்னு யாரும் சொல்லலை. கோபம் அரிசி மேல, ஆட்சி மேல. அவரை மனுஷனா யாரும் குறைச்சுப் பேசலை. 1954ல ஒரிசா கவர்னராவே போனார்.

இப்போ அந்தப் பக்கம் வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே பெண்களுக்கு முதல்ல ஓட்டுரிமை குடுத்தது நம்ம சென்னை மாகாணம்தான், 1921ல. (சொத்து இருந்தாத்தான் ஓட்டு, அது வேற கதை.) 1926ல தேர்தல்ல நிக்கவும் வழி பிறந்தது. அந்த வருஷமே மங்களூர்ப் பக்கம் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்னு, ரொம்பக் கொஞ்ச ஓட்டுல தோத்தாங்க. ஆக, பெண் வேட்பாளர்ங்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. நூறு வருஷ சமாச்சாரம்.

ஆனா அவங்களை எடை போடுற தராசு மாறுச்சா? 1989 ஜனவரித் தேர்தலை எடுத்துக்குங்க. எம்.ஜி.ஆர் மறைவுக்கு அப்புறம் அ.தி.மு.க. ரெண்டா உடைஞ்சு, ஒரு பக்கம் ஜானகி அம்மா இரட்டைப் புறாவோட, இன்னொரு பக்கம் ஜெயலலிதா சேவலோட நின்னாங்க. ரெண்டு பேருமே பெண்கள், ரெண்டு பேருமே சினிமாவுல இருந்து வந்தவங்க. ஆனா மேடைப் பேச்சு எதைச் சுத்திச்சு? யார் மனைவி, யாருக்கு என்ன உரிமைங்கிறதைச் சுத்தித்தான். எம்.ஜி.ஆரும் சினிமா, கலைஞரும் சினிமா. அவங்களுக்கு அது தகுதி. இந்தம்மாவுக்கு மட்டும் அதே சினிமா ஒரு குறை.

முடிவு என்னாச்சுன்னா, ஜானகி அம்மா ஆண்டிபட்டியில தோத்து அரசியலை விட்டே ஒதுங்கினாங்க. ஜெயலலிதா போடியில ஜெயிச்சு, 27 இடத்தோட எதிர்க்கட்சித் தலைவர் ஆனாங்க. அதாவது அத்தனை ஏச்சுப் பேச்சையும் கேட்டுக்கிட்டே ஜனங்க அவங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க. அதே ஜனங்கதான் 1996ல அவங்களைப் பர்கூர்லயே தோக்கடிச்சாங்க. அப்போ ஊழல் புகாரும் ஆடம்பரக் கல்யாணமும் காரணம். அது நியாயமான கோபம். 1952ல ராஜா மேல வந்த மாதிரி, ஆட்சி மேல வந்த கோபம். பெண்ணுன்னா விமர்சிக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. எதை வெச்சு விமர்சிக்கிறோம்ங்கிறதுதான் கேள்வி.

இது வெறும் என் புலம்பல் இல்லை. எஸ்தர் டஃப்லோவும் (2019ல பொருளாதார நோபல் வாங்கினாங்களே, அவங்கதான்) பெத்தியா தொப்பலோவாவும் இந்தியக் கிராமப் பஞ்சாயத்துகளை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. பெண்கள் தலைவரா இருந்த ஊர்கள்ல குடிநீர் மாதிரி வசதிகள் கூடுதலா இருந்துச்சு, தரமும் குறையலை, லஞ்சமும் கம்மி. ஆனா ஊர்க்காரங்களைக் கேட்டா அதிருப்திதான் கூட! பஞ்சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத வசதிகள்ல கூடக் குறை சொன்னாங்களாம்.

மேற்கு வங்கத்துல நடந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். ஒரே பேச்சை ஆண் குரல்லயும் பெண் குரல்லயும் பதிவு பண்ணிப் போட்டுக் காமிச்சாங்க. பெண் தலைவரையே பாக்காத ஊர் ஆம்பளைங்க, பெண் குரலுக்குக் கம்மியா மார்க் போட்டாங்க. ஏற்கெனவே ஒரு பெண் தலைவரைப் பாத்த ஊர்ல அந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாம போச்சு. புரோகிராமர் பாஷையில சொன்னா, இன்புட் ஒண்ணுதான், ஆனா அவுட்புட் வேற. அப்போ பக் எங்க இருக்குன்னு நான் சொல்லணுமா?

அதனாலதான் இடஒதுக்கீடு முக்கியம்னு தோணுது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில 1996ல மூணுல ஒரு பங்கு வந்தது. 2016ல அதைப் பாதியா உயர்த்திச் சட்டம் போட்டாங்க. அதே 2016ல ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில சந்திரபிரபா எம்.எல்.ஏ. ஆனாங்க. 2022 நகராட்சித் தேர்தலுக்கு அப்புறம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டுக்குமே பெண்கள்தான் தலைவர் ஆனாங்க. ஆனா ஒதுக்கீடே இல்லாத சட்டசபைக்கு 2021ல ஜெயிச்ச பெண்கள் 234ல 12 பேர்தான். ஆண்டாளைத் தேர்ல வெச்சு வடம் பிடிச்சு இழுக்கிற ஊர்க்காரங்க நாம. ஒரு சாதாரண மனுஷியை நாற்காலியில உக்கார வைக்க மட்டும் ஏன் இத்தனை யோசனை?

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வார்டு தேர்தல்ல நிக்கலாம்னு நெனச்சாங்க. தெருக்குழாய், சாக்கடை எல்லாத்துக்கும் நகராட்சிக்கு நடையா நடந்தவங்க. மனு போடுறதுக்கு முன்னாடியே வந்த முதல் கேள்வி, 'வீட்டுக்காரர் என்ன சொல்றார்?' ரெண்டாவது, 'ராத்திரி கூட்டத்துக்கெல்லாம் போவியா?' அக்கா நிக்கலை. குழாய்ல தண்ணி வருமான்னு ஒருத்தரும் கேக்கலை.

ஓட்டுச்சாவடிக்குப் போகும்போது கோபத்தோடயே போங்க, தப்பில்லை. ஒரு பெண் வேட்பாளர் மேல கோபம் வந்தா மட்டும், இதே தப்பை ஒரு ஆம்பளை செஞ்சிருந்தா இதே அளவுக்குக் கோபம் வந்திருக்குமான்னு ஒரு தடவை உங்களையே கேட்டுக்குங்க. அப்பவும் 'ஆமா'ன்னு பதில் வந்தா, தாராளமா தோக்கடிங்க. குமாரசாமி ராஜாவையே தோக்கடிச்ச ஊரு இது.

உங்க ஊர்க் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.